படுத்துக்கொண்டு படிப்பவர்கள் சார்பாக

சுற்றி வளைக்காமல் ஆரம்பித்து விடுகிறேன். நம் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளிலேயே ஆதாரம் இல்லாதது எது என்று கேட்டால், "நேரா உக்காந்து படி" என்பதைத்தான் சொல்லுவேன். இதைச் சொல்கிறவர்கள் யாரும் நம் முதுகெலும்பை நினைத்துச் சொல்வதில்லை. வீட்டில் ஒரு பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, கண்ணெதிரே சொகுசாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் வாயில் வருவது அது. பிறகுதான் கண்ணு கெட்டுப் போகும், கூன் விழும், சரஸ்வதி கோவிச்சுப்பா என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

என் ஆச்சி இதையே திருநெல்வேலிப் பாஷையில் சொல்லுவாள். "ஏட்டி, குப்புறக் கெடந்து படிக்காத, எந்திச்சு உக்காரு." அவளாவது பரவாயில்லை, ஒரே வரியோடு விட்டுவிடுவாள். அத்தைகள் ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும்.

இந்த அறிவுரையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன் (உண்மையில் சாய்ந்திருக்கிறேன். சுவர், இரண்டு தலையணை, மடியில் ஒன்று).

முதலில் முதுகு. 1999ல் ஜெர்மனியில் ஹான்ஸ் யோஆகிம் வில்கே என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஒரு காரியம் செய்தார்கள். உயிரோடு நடமாடும் ஒரு மனிதரின் இடுப்பெலும்பு வட்டுக்குள் அழுத்தமானியைச் செருகி, அவரை நிற்க, உட்கார, படுக்க, குனியச் சொல்லி அளவெடுத்தார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். சும்மா நிற்கும்போது 0.5. முதுகை வேண்டுமென்றே நிமிர்த்தி விறைப்பாக உட்காரும்போது 0.55. அதே மனிதர் நாற்காலியில் பின்னால் சரிந்து, நம் வீட்டில் "இது என்ன உக்காருற லட்சணம்" என்று திட்டுவார்களே அந்த மாதிரி உட்கார்ந்தபோது 0.27. பாதி! ஒரே ஒருவர் உடம்பில் எடுத்த அளவு இது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றினேன் என்று யாரும் வரக்கூடாது. ஆனால் "நேரா உக்காரு" கட்சிக்காரர்கள் ஒருவர் உடம்பில்கூட அளந்து பார்த்தவர்கள் இல்லையே.

அடுத்தது 2006. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஒரு மருத்துவமனையில் வசீம் பஷீர் என்ற டாக்டர், உட்கார்ந்தபடியே எடுக்கக்கூடிய எம்ஆர்ஐ கருவியில் 22 பேரை வைத்துப் பார்த்தார். முன்னால் குனிந்து ஒரு படம், 90 டிகிரியில் நிமிர்ந்து ஒரு படம், 135 டிகிரியில் பின்னால் சாய்ந்து ஒரு படம். முதுகுக்கு நல்லது என்று வந்தது எது தெரியுமா? 135 டிகிரி. அதாவது தாத்தாக்கள் வைத்திருந்த ஈசிசேர். பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி உட்காரச் சொன்ன அந்த 90 இல்லை.

இந்த 90 டிகிரி எங்கிருந்து வந்தது என்று கேள்வி கேட்ட டேனிஷ் அறுவை மருத்துவர் ஒருவர் உண்டு. ஏ.சி.மாண்டல் என்று பெயர். இடுப்பில் ஒரு செங்கோணம், முழங்காலில் ஒரு செங்கோணம் என்று பிள்ளைகளை உட்கார வைப்பதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை, மனித உடம்பு அப்படி வேலை செய்யவே செய்யாது, முன்பக்கம் சரிந்த இருக்கையும் சாய்ந்த மேசையும் கொடுங்கள் என்று வருஷக்கணக்கில் வாதாடினார். கேட்டார்களா? நம் கல்லூரி பெஞ்சுகளில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நிற்க. (நின்றுகொண்டும் படிக்கலாம், அதற்கு அப்புறம் வருகிறேன்.)

"சரி, முதுகை விடு. கண்ணு?" இதுதான் அம்மாக்களின் பிரம்மாஸ்திரம். படுத்துக்கொண்டு படித்தால் கண் கெடும், மங்கின வெளிச்சத்தில் படித்தால் கண் போகும். 2007ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், டாக்டர்களே உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும் கட்டுக்கதைகள் என்று ஒரு பட்டியல் வந்தது. மங்கின வெளிச்சத்தில் படித்தால் பார்வை போகும் என்பது அதில் ஒன்று. கண் களைக்கும், எரியும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், நிரந்தரக் கெடுதலுக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அவர்கள் முடிவு. புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மணிக்கணக்காகப் படிப்பதற்கும் கிட்டப் பார்வைக்கும் தொடர்பு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தூரத்தின் பிரச்னை. ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடித்தால் படுத்தால் என்ன, தொங்கினால் என்ன? மேசையில் நேராக உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டில் மூக்கை இடித்துக்கொண்டு எழுதுகிறவர்களை யாராவது எழுப்பியிருக்கிறார்களா? "பிள்ளை நல்லா படிக்குது" என்று காபி அல்லவா கொண்டு வந்து வைக்கிறார்கள்!

அந்த மேசைதான் கழுத்துக்கு எமன். நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நேராக இருக்கும்வரை பிரச்னை இல்லை. குனியக் குனியக் கழுத்து தாங்கவேண்டிய பாரம் ஏறும். கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் 2014ல் போட்ட கணக்குப்படி, 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு அது 27 கிலோ மாதிரி. செல்போன் பார்ப்பவர்களைப் பயமுறுத்த இந்தக் கணக்கை எல்லாரும் எடுத்துப் போட்டார்கள். கம்ப்யூட்டர் மாடலில் வந்த எண்தான், அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் தட்டையான மேசையில் தட்டையாகக் கிடக்கும் புத்தகத்தைப் படிக்கும் நாமும் அதே கோணத்தில்தானே குனிகிறோம்? போனைத் திட்டுகிறவர்கள் மேசையைத் திட்டவில்லை. மேசைக்கு ஒரு கௌரவம் இருக்கிறது பாருங்கள்.

இந்த இடத்தில் நான் படிக்கும் பி.காம். படிப்புக்கு ஒரு சல்யூட் வைத்துக்கொள்கிறேன். நம் முன்னோர்களான கணக்குப்பிள்ளைகள் எப்படி உட்கார்ந்தார்கள்? பழைய மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் பழைய சினிமாவிலாவது. தரையில் அல்லது மெத்தையில் சம்மணம், முதுகுக்குப் பின்னால் திண்டு, முன்னால் மேல்பலகை சாய்ந்த ஒரு குட்டிப் பெட்டி. அதன்மேல் பேரேடு. பலகை சாய்வாக இருப்பதால் கழுத்து அவ்வளவு குனிய வேண்டாம். கை ஊன்றிக்கொள்ள இடம், மூடியைத் தூக்கினால் உள்ளே சில்லறை. மாண்டல் டென்மார்க்கில் கேட்டதை நம் செட்டித்தெருக்காரர்கள் அதற்கு முன்பே வைத்திருந்தார்கள். நாற்காலி மேசை வந்ததும் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டோம். இப்போது பழைய பொருள் கடைகளில் அலங்காரத்துக்கு விற்கிறார்கள், மேலே பூச்சாடி வைக்க!

வள்ளுவர் படம் எல்லா வகுப்பறையிலும் இருக்கிறது. வேணுகோபால் சர்மா வரைந்தது, 1964ல் சட்டசபையில் திறந்து வைத்தது. நாற்காலியா போட்டிருக்கிறது அதில்? பலகையில் சம்மணம் போட்டு, ஓலையைக் கையில் பிடித்திருக்கிறார். அந்தப் படத்துக்குக் கீழேதான் எங்களைப் பார்த்து "டெஸ்க்ல நேரா உக்காரு" என்கிறார்கள்.

இப்போது எல்லாரும் காத்துக்கொண்டிருக்கும் எதிர்வாதம். "படுத்துப் படிச்சா தூக்கம் வரும்." வரும், யார் இல்லை என்றது? தூக்கம் பாக்கி இருந்தால் எப்படி இருந்தாலும் வரும். மத்தியானம் 2 மணிக்கு ஆடிட்டிங் வகுப்பில் 60 பேர் செங்கோணத்தில் உட்கார்ந்திருக்கிறோம். எத்தனை பேர் விழித்திருக்கிறோம் என்று என் வகுப்புத் தோழர்கள் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லட்டும். செங்கோணம் தூக்கத்தைத் தடுக்கும் என்றால் இந்தியாவில் எந்தக் கருத்தரங்கிலும் யாரும் தூங்கியிருக்க முடியாது :-)

அப்புறம், கதைப் புத்தகம் படித்துக்கொண்டே தூங்கிப்போவதில் என்ன குற்றம்? அதைவிட நல்ல தூக்கம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

இங்கேதான் சிக்கலின் மூலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்கு "படிக்கிறது" என்றால் ஒரே சொல். பரீட்சைக்குப் படிப்பதும் படிப்பு, நாவல் படிப்பதும் படிப்பு. இலங்கைத் தமிழர்கள் பாடத்தைப் படிப்பார்கள், புத்தகத்தை வாசிப்பார்கள். நமக்கு வாசிப்பது என்பது மேடைப் பேச்சில் மட்டும். அதனால் கையில் புத்தகம் எடுத்தவுடன் பரீட்சைச் சட்டம் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கஷ்டப்பட்டால்தான் படிப்பு. விடியற்காலை 4 மணிக்கு எழுந்தால்தான் படிப்பு. குடுமியை உத்தரத்தில் கட்டிக்கொண்டு படித்தார், தெருவிளக்கில் படித்தார் என்றெல்லாம் பெரிய மனிதர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, படிப்பு என்றாலே உடம்பை வருத்துவது என்று ஆகிவிட்டது. தெருவிளக்கில் படித்தவர் வீட்டில் விளக்கு இல்லாததால் படித்தார் சார். விளக்கு இருந்திருந்தால் பாயில் சாய்ந்துகொண்டுதான் படித்திருப்பார். வறுமையை எடுத்து ஒழுக்கம் என்று மாலை போட்டு மாட்டிவிட்டோம்.

நான் இருக்கும் லேடீஸ் ஹாஸ்டலில் (பெயர் வேண்டாம், எல்லா ஹாஸ்டலும் ஏறக்குறைய இப்படித்தான்) ராத்திரி 7 முதல் 9 வரை "ஸ்டடி ஹவர்ஸ்". அப்போது கட்டிலில் இருக்கக் கூடாது. ஸ்டடி ஹாலில் மேசை முன்னால் நாற்காலியில் இருக்கவேண்டும். வார்டன் மேடம் ஒரு ரவுண்டு வருவார். புத்தகம் என்ன, படிக்கிறாயா, முழித்திருக்கிறாயா எதுவும் கேட்கமாட்டார். முதுகு நிமிர்ந்திருக்கிறதா, அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம். காஸ்ட் அக்கவுண்ட்ஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இரண்டு மணி நேரத்தை ஓட்டும் கலையில் எங்கள் பிளாக்கில் பலர் டாக்டரேட் வாங்கலாம். 9 மணிக்கு மணி அடித்ததும் எல்லாரும் கட்டிலுக்குப் போய், சுவரில் சாய்ந்து, நிஜமாகவே படிக்க ஆரம்பிப்போம். 11க்கு விளக்கை அணைத்துவிடுவார்கள்.

அங்கே நடப்பது மேய்ச்சல் என்று சொன்னால் கோபம் வரும். ஆனால் எண்ணிப் பார்க்க வசதியாக ஆட்களை நிமிர்த்தி வரிசையாக வைப்பதற்கு வேறு என்ன பேர்?

வீட்டுக்கு வருவோம். ஹாலில் ஈசிசேர் யாருடையது? அப்பாவுடையது, அல்லது பெரியப்பாவுடையது. காலை நீட்டி, பேப்பரை விரித்து, முகம் தெரியாமல் ஒரு மணி நேரம். யாராவது "நேரா உக்காருங்க" என்று சொன்னதுண்டா? அம்மா வாரப் பத்திரிகை படிப்பது அடுப்படியில், பால் பொங்குகிற வரைக்கும், நின்றுகொண்டு. இல்லாவிட்டால் அருவாமனைக்குப் பக்கத்தில் பத்திரிகையைத் தரையில் போட்டுக்கொண்டு, வெண்டைக்காய் நறுக்கியபடி. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு வெறும் தரையில் முந்தானையை விரித்துத் தலைக்குக் கையை வைத்து ஒருக்களித்துப் படுத்து நாலு பக்கம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள். எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் பெண்கள் புத்தகத்தோடு படுத்திருக்கும்போது ஆம்பளை உள்ளே வந்தால் எழுந்திருக்காமல் அப்படியே படித்துக்கொண்டிருப்பார்கள்? எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. எனக்கே அந்தப் பழக்கம் கால் வரைக்கும் ஊறியிருக்கிறது. அண்ணன் வந்தால்கூட காலை மடக்குகிறேன்.

"பொம்பளப் பிள்ளை இப்படியா கெடக்குறது" என்பதற்கும் "நேரா உக்காந்து படி" என்பதற்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. முதலாவதை இந்தக் காலத்தில் வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சம். அதனால் இரண்டாவதைச் சொல்கிறார்கள். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், எம்ஆர்ஐ எல்லாம் சும்மா சாட்சிக்கு.

சரஸ்வதி விஷயமும் பார்த்துவிடலாம். படுத்துக்கொண்டு படிப்பது புத்தகத்துக்கு மரியாதை இல்லையாம். சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தை அடுக்கிப் பொட்டு வைத்துப் பூ வைத்துவிட்டு, அன்று முழுக்கத் தொடாதே என்கிறோம். எனக்கு அந்தப் பண்டிகை ரொம்பப் பிடிக்கும், சுண்டல் உள்பட. ஆனால் மற்ற 364 நாளும் மரியாதை என்பது திறந்து படிப்பதில் இருக்கிறதா, தொடாமல் இருப்பதில் இருக்கிறதா என்று யோசிக்கலாம். காலில் படக்கூடாது, சரி, படாது. தலையணை தலைக்குத்தானே.

உலகத்தில் எழுதுகிறவர்களே படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் மார்செல் புரூஸ்ட் தன் மாபெரும் நாவலின் பெரும்பகுதியைக் கட்டிலில்தான் எழுதினார், அறைச் சுவர் முழுக்கச் சத்தம் வராமல் தக்கை அடித்துக்கொண்டு. அமெரிக்கர் ட்ரூமன் கபோட்டே, படுத்தால்தான் தனக்கு யோசனையே ஓடும் என்று பேட்டியில் சொன்னார். மறுபக்கம் ஹெமிங்வே நின்றுகொண்டு எழுதினார். யாரும் அவர்கள் அத்தைகளிடம் அனுமதி வாங்கவில்லை. படுத்து எழுதியதை நாம் விறைப்பாக உட்கார்ந்து படிக்க வேண்டுமாம், என்ன நியாயம்?

சரி, எதிர்க்கட்சியை மட்டும் அடித்தால் போதாது. படுத்துப் படிக்கிற நம் கட்சியிலும் ஒரு மாயை உண்டு. மிகச் சரியான அந்த ஒரு நிலை எங்கோ இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டால் பிறகு மூன்று மணி நேரம் அசையாமல் படிக்கலாம் என்று. இல்லை மக்களே. மல்லாந்து படுத்துப் படித்தால் முதுகு சொர்க்கம், கை நரகம். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 500 பக்கப் புத்தகம் என்றால் 250 தாள். டெமி சைஸ் தாள் ஏறக்குறைய 14க்கு 21.5 சென்டிமீட்டர், 70 ஜிஎஸ்எம் காகிதம். பெருக்கினால் அட்டை இல்லாமலே அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் பக்க நாவல் என்றால் ஒரு கிலோ. ஆனால் உண்மையான பாரம் புத்தகம் இல்லை, கை! ஒரு கை நம் உடம்பு எடையில் சுமார் 5 சதவீதம். 50 கிலோ ஆளுக்கு இரண்டு கையும் சேர்த்து 5 கிலோ. அரைக் கிலோ புத்தகத்தைத் தூக்க 5 கிலோ கையையும் சேர்த்துத் தூக்கிப் பிடிக்கிறோம். அதனால்தான் 200 கிராம் போனைப் பிடித்தாலும் பத்து நிமிஷத்தில் கை கடுத்து, அது நேராக மூக்கில் வந்து விழுகிறது. முழங்கைக்கு அடியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு தலையணை வைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்னை போய்விடும்.

ஒருக்களித்துப் படுத்தால் ஒரு பக்கம் சுகம், மறுபக்கம் தொல்லை. கீழே கிடக்கும் பக்கம் தலையணையில் புதைந்து போகும், மேலே உள்ள பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒற்றைப்படைப் பக்கத்துக்கு வலது பக்கம், இரட்டைப்படைக்கு இடது பக்கம் என்று புரண்டுகொண்டே படிப்பவர்கள் உண்டு (வணக்கம், நானேதான்). குப்புறப் படுத்து முழங்கை ஊன்றிப் படிப்பது பதினைந்து வயதோடு சரி, அதற்குமேல் இடுப்பு ஒத்துழைக்காது. ஆச்சி சொன்னதில் அந்த ஒன்று நியாயம்தான். எனக்கு அதிக நேரம் தாங்குவது சுவரில் முதுகு, இடுப்புக்கு ஒரு தலையணை, முழங்காலை மடக்கி அதன்மேல் புத்தகம். தொடையே சாய்வுப் பலகை ஆகிவிடுகிறது, கணக்குப்பிள்ளை பெட்டி மாதிரி. அதுவும் அரை மணி நேரம்தான். பிறகு காலை நீட்டணும், அப்புறம் எழுந்து ஜன்னலில் நின்று ரெண்டு பக்கம், மறுபடி படுக்கை. உடம்புக்குப் பிடித்த நிலை என்று ஒன்று இல்லை, மாறிக்கொண்டே இருப்பதுதான் அதற்குப் பிடிக்கும். நூலகத்து நாற்காலியில் நாம் நெளிவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள், உடம்பு தன் வேலையைப் பார்க்கிறது, அவ்வளவே.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. "தலையணை சைஸ் புத்தகம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். தலையணையை யாரும் கையில் தூக்கிப் பிடிப்பதில்லை. எண்ணூறு பக்கத்தை ஒரே பாகமாகப் போட்டு, ஃபாரம் ஃபாரமாகத் தைக்காமல் முதுகில் வெறும் பசை தடவி ஒட்டி, நடு ஓரத்தில் அரை அங்குலம்கூட விடாமல் அச்சடித்தால் அதை எந்த நிலையில் வைத்துப் படிப்பது? கட்டைவிரலை நடுவில் விட்டுப் பிளந்து பிடித்தால்தான் வரியின் கடைசி எழுத்துகள் தெரியும். இன்னும் கொஞ்சம் விரித்தால் பசை விட்டு தாள் தாளாகக் கையோடு வரும். இந்த முறைக்கு வைத்திருக்கும் பெயர் பெர்ஃபெக்ட் பைண்டிங்! தையல் போட்ட பழைய புத்தகங்கள் மேசையில் வைத்தால் தானாகவே விரிந்து கிடக்கும், இரண்டு கையும் நமக்கு மிச்சம், முறுக்கு சாப்பிடலாம். தைத்தால் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும், அல்லது இரண்டு பாகமாகப் போடட்டும். அட்டைக்கு மினுமினுப்பு லேமினேஷன் போடும் காசை அங்கே திருப்பலாமே.

கடைசியாக நூலகங்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் சங்கிலி நூலகம் ஒன்று இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்திலும் இரும்புச் சங்கிலி, சங்கிலியின் மறுமுனை அலமாரியில். சங்கிலி எட்டும் மேசைப் பலகையில் வைத்துத்தான் படிக்க முடியும். அந்தக் காலத்தில் ஒரு புத்தகத்தின் விலை அப்படி, புரிகிறது. இன்று சங்கிலி இல்லை, ஆனால் புத்தகத்துக்குப் போட்ட கட்டை எடுத்து வாசகருக்குப் போட்டுவிட்டோம். நம் மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல் ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. அந்த ஒரு விதியை விளக்கும்போதே நூலகம் எங்கே இருக்கவேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதோடு மேசை நாற்காலி எப்படி இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசினார். லைப்ரரி சயன்ஸ் படித்தவர்கள் எல்லாருக்கும் இந்த ஐந்து விதியும் மனப்பாடம். நாற்காலி மட்டும் மறந்துவிட்டது.

கோட்டூர்புரத்தில் 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதியில் ஒரு செயற்கை மரம் வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் அடியில் போய் உட்காரத் தோன்றும். நல்ல யோசனை. பதினைந்து வயது தாண்டியவர்களுக்கு மரத்தடி ஆசை போய்விடும் என்று யார் முடிவு செய்தார்கள்? சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே ஒரு பகுதி உண்டு. அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அவர்களுக்கு அரசு வேலை கிடைக்கிறதோ இல்லையோ, மத்தியானம் கால் நீட்ட ஒரு பாய் கிடைக்க வேண்டும் என்று தோன்றும். பாதிப் பேர் வீட்டில் இடம் இல்லாததால்தான் நூலகத்துக்கு வருகிறார்கள். ஒற்றை அறை வீடு, டி.வி. சத்தம், தம்பி தங்கைகள். வீட்டில் சாய இடம் இருக்கிறவன் வீட்டிலேயே சாய்ந்துகொள்வான். இல்லாதவர்களுக்குத்தான் செங்கோண நாற்காலி.

எங்கள் கல்லூரி நூலகத்தின் ஆலோசனைப் பெட்டியில் நாங்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் போட்டோம். பின்பக்கச் சுவரை ஒட்டி, பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், சும்மா கிடக்கும் இடத்தில் பத்துக் கோரைப் பாய், இருபது தலையணை, ஐந்து சாய்வுப் பலகை. பத்தமடைப் பட்டுப்பாய் எல்லாம் வேண்டாம், சாதாரணப் பாய் போதும். போன வருஷம் வாங்கி இன்னும் பிரிக்காமல் கிடக்கும் எக்ஸிக்யூட்டிவ் சேர்களில் ஒன்றின் விலைக்குள் பாய் முழுக்க வந்துவிடும், வேண்டுமானால் நானே கொட்டேஷன் வாங்கித் தருகிறேன். பதில் வாய்மொழியாக வந்தது. "இது என்ன லைப்ரரியா, சத்திரமா?"

சத்திரம் என்றால் நடந்து களைத்தவர்கள் வந்து காலை நீட்டும் இடம், ராத்திரியில் யாராவது கதை படிக்க மற்றவர்கள் படுத்துக்கொண்டு கேட்ட இடம். அதைக் கேவலமான வார்த்தையாக நினைத்துச் சொன்னது அவர் பிரச்னை. நாங்கள் கடிதத்தை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை வில்கேயின் அளவுகளும் பாயின் விலைப்பட்டியலும் இணைப்பாகப் போகிறது. ஏழு கையெழுத்து போதாது. விருப்பம் உள்ளவர்கள் வியாழக்கிழமை லஞ்ச் நேரத்தில் செகண்ட் ஃப்ளோர் கடைசி வகுப்பறைக்கு வரவும். பேனா நான் கொண்டு வருகிறேன்.